அட்வான்ஸ் கொடுத்த கை

செங்கோடன் செத்துப்போன நாற்பத்தோராம் நாள், கார்த்திகை மாதத்துக் கடைசி வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, அர்த்தனாரி மேஸ்திரியின் பட்டறைக்கு நடந்தே போய், தான் ஆர்டர் கொடுத்திருந்த கேரவன் மாதிரியான வீட்டுவண்டியைத் தானே டெலிவரி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் போயிருக்கலாமே என்றால் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அடுத்த வாரம் போயிருக்கலாமே என்றால் மார்கழி பிறந்துவிடும், மார்கழியில் எங்கள் பக்கம் உயிரோடு இருப்பவர்களே வண்டி எடுக்கமாட்டார்கள். சாவியைக் கையில் வாங்கினார், டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார், உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இழுத்துப்போக முன்னால் ஜீப்போ டிராக்டரோ எதுவும் இல்லை. கொக்கி காற்றில் நீட்டிக்கொண்டிருக்க, பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கேட்டைத் தாண்டி, சேலம் சாலையில் ஏறி, வடக்கே போய்விட்டது.

பட்டறையில் இருந்த ஒரே வெல்டர் மாரப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு செங்கோடன் வீட்டுக்கு வந்தபோது, அவர் சம்சாரம் பாவாயி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மாரப்பன் விஷயத்தைச் சொன்னான். பாவாயி முறத்தைக் கீழே வைக்கவில்லை, ஐயோ என்று அலறவில்லை, நெஞ்சில் கைவைக்கவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“தனியாவா போனாரு?”

“ஆமாங்க அக்கா. தனியாத்தான்.”

“அவரு எப்பத்தான் கூட்டிட்டுப் போயிருக்கறாரு,” என்று சொல்லிவிட்டு மிச்ச உளுந்தையும் புடைத்து முடித்தாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சங்ககிரிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு லாரி, லாரிக்கு ஒரு டிரைவர், டிரைவருக்கு ஒரு பெண்டாட்டி என்று கணக்கு. டிரைவர் இந்தியா முழுக்கப் பார்ப்பான், பெண்டாட்டி அவன் பார்த்ததைக் கேட்பாள். செங்கோடன் நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவர் டீ குடிக்காத மாநிலம் இல்லை, குளிக்காத ஆறு இல்லை. பாவாயி பார்த்த வெளியூர் என்றால் பழனியும் ஈரோடும், கண்ணில் பூ விழுந்தபோது சேலம் ஆஸ்பத்திரியும்தான். ஆனால் அவள் வீட்டில் நாக்பூர் ஆரஞ்சு தின்ற தோல் காயும், ராஜஸ்தான் போர்வை கொடியில் தொங்கும், காஷ்மீர் குங்குமப்பூ அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும். இடங்களெல்லாம் பொட்டலமாக அவளிடம் வந்தனவே தவிர, அவள் ஓர் இடத்துக்கும் போனதில்லை. பிள்ளைகுட்டியும் இல்லாததால், போகாமல் இருக்க அவளுக்கு ஒரு சாக்குகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் லாரியில் ஏறும்போது செங்கோடன், “ஓட்டறத நிறுத்தினதும் உன்னக் கூட்டிக்கிட்டுப் போயி எல்லாத்தயும் காட்டறேன்” என்பார், அவளும் நாற்பது வருஷம் நம்பினாள்.

சொன்னபடி அவர் லாரியை விற்று, ஒரு பழைய ஜீப்பை வாங்கி, அதன் பின்னால் மாட்டி இழுத்துப்போக ஒரு வீட்டுவண்டிக்கு ஆர்டர் கொடுத்தார் என்பதை மறுக்கக் கூடாது. கொடுத்த இடம்தான் வினை. பெரிய கம்பெனிகள் வடக்கே உண்டு, அவர்களிடம் போயிருந்தால் பில் இருக்கும், தேதி இருக்கும், கேட்க ஓர் ஆபீஸ் இருக்கும். செங்கோடன் போனது அர்த்தனாரி மேஸ்திரியிடம். மேஸ்திரி நல்ல மனுஷன், முப்பது வருஷமாக லாரிக்கு பாடி கட்டியவர், அதில் ஒரு லாரியையும் சொன்ன தேதியில் கொடுத்தவரில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதையாக, போனில் ஏதோ படத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டுவண்டிதான் என்று போர்டை மாற்றி எழுதியிருந்தார். அவர் கட்டிய முதல் வீட்டுவண்டி சாலைக்குப் போகவே அனுமதி கிடைக்காமல் கறிக்கடையாகிவிட்டது. இரண்டாவது மழைக்கு ஒழுகி, நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தீவன மூட்டை அடுக்கும் இடமாக இருக்கிறது. மூன்றாவதுதான் இது.

வரைபடம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் போடப்பட்டது. இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, செங்கோடனின் முழங்கால் வலிக்குத் தோதாக உட்காரும் கக்கூஸ், பாவாயி கேட்டாள் என்று அவள் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். தைக்குத் தருவதாகச் சொன்னது சித்திரைக்குப் போனது. சித்திரையில் மாரப்பன் மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டிக்கொண்டான், அவனை விட்டால் வெல்டர் கிடையாது. அப்புறம் ஜன்னல் ரப்பர் வரவில்லை. ஆடியில் யாரும் வண்டி எடுக்கமாட்டார்கள் என்பதால் மேஸ்திரி நிம்மதியாக இருந்தார். புரட்டாசிக்குள் முடிந்துவிடும் என்று சத்தியம் செய்தார், எந்தப் புரட்டாசி என்று செங்கோடன் கேட்டிருக்க வேண்டும். ஐப்பசியில் ஒருநாள் அவர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கன்னம் மழித்து முடிந்து, வலது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச்சேர்ந்தார். மீதிக் கன்னத்தை மழிக்க அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அப்படியே கொண்டுபோய் எரித்தார்கள்.

காரியங்கள் முடிந்து பாவாயி பட்டறைக்குப் போனாள். வண்டி வெள்ளைவெளேரென்று, ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் போட்டு, தயாராக நின்றது. சாவியைக் கேட்டாள். மேஸ்திரி எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டார்.

“அட்வான்ஸ் குடுத்த கைதான் சாவி வாங்கோணுமுங்க அம்மணி. எங்கப்பன் காலத்துல இருந்து வழக்கம். ஒருதடவ மச்சினன் கையில சாவியக் குடுத்தோம், தொப்பூர் எறக்கத்துல லாரி கவுந்துபோச்சு.”

“அந்தக் கைய எரிச்சாச்சுங்களே மேஸ்திரி.”

“தெரியுமுங்க. நானும் சுடுகாட்டுக்கு வந்திருந்தனுங்களே. ஆனா வழக்கம் வழக்கந்தானுங்க. அண்ணன் வரட்டும், வந்த நிமிசமே குடுத்தர்றேன்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று பாவாயி முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். மேஸ்திரி வெறும் பேச்சுக்குச் சொன்னார். ஆனால் செங்கோடன் உயிரோடிருந்தபோதும், கூப்பிட்டால் வந்துவிடுகிற ஆள்தான். பதினோரு நாள் கழித்து வந்தார்.

முதல் போன் கர்நூலில் இருந்து வந்தது. சங்ககிரி வண்டி டிரைவர் ஒருவன், “அக்கா, அண்ணனப் பார்த்தேன், டீக்கடையில நின்னுட்டிருந்தாரு, ஒரு பக்கம் தாடியோட” என்றான். ஒரு கன்னம் மழுமழுவென்றும் மறுகன்னம் முள்முள்ளாகவும் இருந்ததால் அடையாளத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் ஹைதராபாத், அப்புறம் நாக்பூர், அப்புறம் ஜான்சி என்று தினம் ஒரு போன். சுங்கச்சாவடிகளில் முதலில் நிறுத்திப் பார்த்தார்களாம், இன்ஜின் இல்லாமல் தானாகப் போகும் வண்டி எந்த வகை என்று அவர்களுடைய பட்டியலில் இல்லாததால், தடியைத் தூக்கி விட்டுவிட்டார்களாம். செங்கோடன் வண்டியைப் பார்த்தால் அன்றைக்கு டயர் வெடிக்காது என்று டிரைவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை பிறந்து, தை மாதத்துக்குள் அது விதியாகிவிட்டது. பழையபடி பொட்டலங்களும் வரத் தொடங்கின. யாராவது ஒரு டிரைவர் வந்து, “அண்ணன் குடுத்துவிட்டாருங்க” என்று ஒரு கூடை ஆப்பிளை இறக்கிவிட்டுப் போவான். பாவாயி அதை அப்படியே பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவாள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லமுடியாது. எடுத்துக்கொண்டது, ஆனால் தன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பாவாயியிடம், “மாமா ஜெய்ப்பூர்ப் பக்கம் போனா நமக்கொரு ரசாய்ப் போர்வை சொல்லிவிடுங்க அத்தை” என்று கேட்டார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்திருந்த மனுவை கிராம நிர்வாக அலுவலர் நிர்மலா நிறுத்திவைத்தார். இறப்புச் சான்றிதழ் ஒன்று, நேரில் பார்த்த சாட்சி ஐம்பத்தாறு பேர், இதில் எதை நம்புவது என்று தாலுகாவுக்கு எழுதிக் கேட்டதில், ‘மேற்படி இறந்தவர் ஊர் திரும்பினால் உடன் தெரிவிக்கவும்’ என்று பதில் வந்தது. பொட்டு வைப்பதா அழிப்பதா என்று சொந்தத்துக்குள் இரண்டு கட்சி கட்டினார்கள். கடைசியில் செங்கோடனின் அக்கா அத்தாயம்மாள் தலைமையில் உட்கார்ந்து பேசி, போன் வருகிற நாளில் பாவாயி குங்குமம் வைத்துக்கொள்ளலாம், வராத நாளில் வெறும் நெற்றியாக இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தார்கள். போன் பெரும்பாலும் சாயங்காலம்தான் வந்ததால், பொழுது சாயும்வரை பாவாயி தான் சுமங்கலியா இல்லையா என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரையும்விட நன்றாகப் பிழைத்தது மேஸ்திரிதான். செத்தவனுக்கே டெலிவரி கொடுத்த பட்டறை என்று பெயர் பரவி, ராசிபுரம், ஆத்தூர், அந்தியூரில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பதினோரு பேர் அவரவர் கையால் அட்வான்ஸ் கொடுத்தார்கள். டெலிவரி எப்போது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செத்தாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தபின் எதற்கு அவசரம்? மேஸ்திரி இரண்டாவது வெல்டரை வைக்கவில்லை.

பாவாயி ஒருநாள் நேராகப் பட்டறைக்குப் போய் நின்றாள்.

“என்ற வண்டிய அவருகிட்ட எப்படிங்க குடுத்தீங்க?”

“உங்க வண்டியாங்க? அட்வான்ஸ் அவருதானுங்க. பாருங்க, கையெழுத்துப் போட்டிருக்கறாரு.”

நோட்டை நீட்டினார். செங்கோடனின் கையெழுத்துத்தான், ‘செ’வின் கொம்பு எப்போதும்போல மேல்கோட்டைக் குத்திக்கொண்டு நின்றது. அந்தக் கொம்பைப் பாவாயி விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் கோபம் வந்தது. இந்த மனுஷனுக்கு இத்தனை தூரம் நடந்துவந்து கையெழுத்துப் போடத் தெரிந்திருக்கிறது, பட்டறையில் இருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு வந்து, ஏறு புள்ள என்று சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கே அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். வயது அறுபத்திரண்டு. சொல்லிக்கொடுக்கும் பிரான்சிஸ் முதலில் பேத்தியைச் சேர்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியவே பதினைந்து நாள் ஆயிற்று, எட்டுப் போடச் சொன்ன இடத்தில் முதல் தடவை கம்பத்தைச் சாய்த்தாள், இரண்டாம் தடவை அதே கம்பத்தைச் சாய்த்தாள், மூன்றாம் தடவை கம்பத்தையே கொஞ்சம் தள்ளி நட்டுவைத்துவிட்டு லைசென்ஸ் கொடுத்தார்கள். கொட்டகையில் நின்ற ஜீப்பின் தார்ப்பாயை உருவி, தினம் காலையில் ஏரிக்கரைவரை ஓட்டிவிட்டு வந்தாள். ஊரில் சிரித்தார்கள். புருஷன் இல்லாத வீட்டில் ஜீப் எதற்கு என்று அத்தாயம்மாள் கேட்டாள். இருக்கிறாரா இல்லையா என்று நீங்கள்தானே அண்ணி தினம் தினம் சொல்கிறீர்கள் என்று பாவாயி திருப்பிக் கேட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் இருக்கும் டிரைவருக்கு வீட்டிலிருந்து போன் போகாது. அவன் கூப்பிட்டால் பேசலாம், இவள் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் கவனம் சிதறும், ஸ்டியரிங் ஒடியும், வீட்டில் சாவு விழுந்தால் மட்டும்தான் கூப்பிடுவது. நாற்பது வருஷத்தில் பாவாயி ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை, அவள் அம்மா செத்தபோதுகூட அவராகக் கூப்பிடட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தாள். மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, அவள் லாரி ஸ்டாண்டுக்குப் போய், வடக்கே கிளம்பிக்கொண்டிருந்த டிரைவர்களைக் கூட்டி நிற்கவைத்துச் சொன்னாள்:

“அவரப் பார்த்தா, பாவாயி கூப்பிட்டாள்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

டிரைவர்களின் முகம் வெளிறிப்போனது. செய்தி லாரிக்கு லாரி மாறி, தருமபுரி தாண்டி, பெங்களூர் தாண்டி, நாக்பூருக்கு வடக்கே ஒரு தாபாவில் அவர் கையில் டீ கிளாஸோடு நின்றபோது போய்ச்சேர்ந்தது. குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த வாரம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு, ஊர் முழுக்க ரேஷன் கடையில் நின்ற நேரம், வெள்ளை வண்டி புழுதி படிந்து பழுப்பாகித் தெருவுக்குள் வந்து, பாவாயி வீட்டு வாசலில் நின்றது. வரிசையில் நின்றவர்கள் இடம்பிடிக்கப் பையைக் கல்லுக்குக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்கள்.

செங்கோடன் இறங்கினார். இளைத்திருந்தார். பாதித் தாடி கொஞ்சம் வளர்ந்திருந்தது.

“என்ன புள்ள, ஆருக்கு என்னாச்சு? கூப்பிட்டியாமே?”

“ஒண்ணும் ஆகலீங்க. ஏனுங்க, நாப்பது வருசமா என்ன சொல்லிட்டு இருந்தீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். கூட்டத்தைப் பார்த்தார், அதில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தார், மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

“கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னா நெனச்சேன்? உள்ள ஏறிப் பாரு. ரெண்டு கட்டில் கேட்டதுக்கு ஒரு கட்டில்தான் போட்டிருக்கறான். லாரி கேபின்ல போடற மாதிரி, ஒத்த ஆளுக்கு. உன்ன எங்க படுக்க வெக்கறது? இன்னொரு கட்டில் போட்டுக் குடுடான்னேன், அடுத்த வாரம் வாங்கன்னான். சரி, அதுவரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு...”

“மாரப்பன் பழக்கதோஷத்துல ஒண்ணோட நிறுத்திப்போட்டானுங்க,” என்றார் மேஸ்திரி. “பங்குனிக்குள்ள போட்டுத் தர்றனுங்க அம்மணி.”

பாவாயி வண்டிக்குள் ஏறிப் பார்த்தாள். ஒரு கட்டில். அதற்குப் பக்கத்தில், கேட்டபடியே, பெரிய ஜன்னல். அதைத் திறந்து மூடிப் பார்த்தாள். இறங்கி வந்தாள்.

“ஒரு கட்டில் போதுமுங்க,” என்றாள். “எனக்கு.”

அவள் வலது கையை நீட்டினாள். செங்கோடன் அந்தக் கையைப் பார்த்தார். அட்வான்ஸ் கொடுத்த கை சாவியை வாங்கியாகிவிட்டது, வாங்கிய கை இன்னொரு கையில் கொடுத்தால் எந்த வழக்கமும் தடுக்காது என்று மேஸ்திரி பின்னால் யாரிடமோ மெதுவாகச் சொன்னார். செங்கோடன் சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல் பட்டது. ஜில்லென்றுதான் இருந்தது, என்றாலும் பாவாயி கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

“தொப்பூர் எறக்கத்துல நியூட்ரல் போட்றாத.”

“தெரியுமுங்க.”

“லாரிக்காரன் இடதுபக்கம் கைகாட்டினா தாண்டிப் போன்னு அர்த்தமில்ல. பார்த்துத் தாண்டு.”

“செரிங்க.”

“அப்ப எனக்கு?” என்றார் செங்கோடன். “சோறு?”

“அண்ணிகிட்டச் சொல்லியிருக்கறனுங்க. அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்கு வெப்பாங்க.”

அவர் தலையை ஆட்டினார். நாற்பது வருஷமாக அவள் தலையாட்டியதுபோலவே இருந்ததாகச் சில பெண்கள் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ரேஷன் கடைப் பக்கம் நடந்து, வழியில் நின்ற தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரித்து, மாட்டாஸ்பத்திரி முக்கில் திரும்பினார். அதற்கப்புறம் எந்த ஊரில் இருந்தும் எந்த டிரைவரும் போன் செய்யவில்லை. நிர்மலா திங்கட்கிழமையே சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பாவாயி கையில் வண்டி தானாகப் போகவில்லை. ஜீப்போடு மாட்டப் பார்த்தபோது கொக்கி நாலு விரற்கடை உயரமாக இருந்தது, மாரப்பனை இழுத்துவந்து அன்று மாலையே இறக்கி வெல்ட் வைக்கச் சொன்னாள், முடியும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினாள். கூட வருவதாகச் சொன்னவர்களிடம் ஒரு கட்டில்தான் இருக்கிறது என்றாள். தொப்பூர் போகும்போது ஏற்றம்தான், அங்கேயும் நியூட்ரல் போடவில்லை. கிருஷ்ணகிரியில் இட்லி தின்றாள், ஓசூரில் டீசல் போட்டாள், எதிரே வந்த லாரிகள் வண்டியை அடையாளம் கண்டு ஹாரன் அடித்தன, அவள் பதிலுக்கு அடித்தாள். மாநிலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சின்ன ஊர் வந்தது. ஊரின் பெயர் என்னவென்று பார்க்கப் போர்டைப் பார்த்தாள். எழுத்து சுருள்சுருளாக இருந்தது. கடைப் போர்டைப் பார்த்தாள். அதுவும் படிக்க வரவில்லை. அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக, எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜீப்பை ஓரம்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, அவள் அழ ஆரம்பித்தாள். இவ்வளவு அழுகை எங்கே இருந்தது என்று அவளுக்கே புரியவில்லை. செத்த அன்றைக்கு வந்தவர்களைக் கவனிக்கவே சரியாக இருந்தது, அப்புறம் அந்த மனுஷன்மேல் கோபப்படவே நேரம் சரியாக இருந்தது. கேவிக்கேவி அழுதாள். ரோட்டோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெண் அரிவாளைப் போட்டுவிட்டு வந்து, ஜீப் கதவைத் திறந்து, அவள் தோளைத் தொட்டுக் கன்னடத்தில் ஏதோ கேட்டாள்.

“என்ற வீட்டுக்காரரு செத்துப்போயிட்டாருங்க,” என்றாள் பாவாயி. இதுவரை அவள் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாஷை புரியாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பாவாயியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எப்போது என்பதுபோல ஒரு வார்த்தை கேட்டாள்.

“இப்பத்தானுங்க,” என்றாள் பாவாயி.